ஃபார்முலா 3 சீசனை முழுசாகப் பின்தொடர்வது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எஃப்1 (ஃபார்முலா 1) பார்க்க ஆரம்பித்து ஓரிரு வருஷம் ஆனவர்கள் அடிக்கடி கேட்பது இது: ஜூனியர் ரேஸ்களையும் பார்க்கலாமா, பார்த்தால் எதில் இருந்து தொடங்குவது? கட்டாயம் பாருங்கள். எஃப்3-இல் இருந்து தொடங்குங்கள். 30 கார்கள், எல்லாமே ஒரே டல்லாரா சேஸிஸ், ஒரே மெகாக்ரோம் எஞ்சின், ஒரே பைரெல்லி டயர். ஓட்டுபவர்களில் பெரும்பாலானோர் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது வயசுக்காரர்கள். எஃப்1 நடக்கும் அதே டிராக்கில், அதே வார இறுதியில், எஃப்1 கார்கள் வெளியே வருவதற்குச் சில மணி நேரம் முன்னால் இவர்கள் ஓட்டி முடித்துவிடுவார்கள்.

ஆனால் முதல் தடவை பார்க்கிறவர்களை எஃப்3 நன்றாகவே குழப்பும். சனிக்கிழமை ஜெயித்தவர் ஞாயிற்றுக்கிழமை பதினைந்தாவதாக வருவார். கிளம்பும் வரிசையைத் தீர்மானிக்கும் குவாலிஃபையிங்கில் முதலிடம் பிடித்தவர் மறுநாள் பன்னிரண்டாவது இடத்தில் இருந்து கிளம்புவார். ஒரு ரேஸ்கூட ஜெயிக்காத ஒருவர் சாம்பியன் ஆவார், 2024-இல் அப்படித்தான் ஆனது. யார் ஜெயித்தார் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தால் இதில் ஒன்றும் பிடிபடாது. சரியாகப் போகாத வார இறுதியிலும் யார் புள்ளி சேர்க்கிறார் என்று பார்க்கத் தொடங்கிவிட்டால் சீசன் தானாகவே திறந்துகொள்ளும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில், இந்த ஏணியில் எஃப்3 எத்தனையாவது படி

கார்ட்டிங், அப்புறம் எஃப்4, அப்புறம் ஃபார்முலா ரீஜனல், அப்புறம் எஃப்3, எஃப்2, எஃப்1. இதுதான் வழக்கமான வரிசை. இப்போதிருக்கும் எஃப்3 தொடர் 2019-இல் வந்தது. அதற்கு முன் இருந்த ஜிபி3-யும் ஐரோப்பிய எஃப்3-யும் சேர்ந்து உருவானது. கார் 3.4 லிட்டர் வி6, சுமார் 380 குதிரைத்திறன். மேலே இருக்கும் எஃப்2-வில் டர்போவோடு 620 வரை போகும். 2025-இல் எஃப்3-க்குப் புது கார் வந்தது.

எஃப்1 ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேண்டும், அதற்கு மூன்று வருஷத்துக்குள் 40 புள்ளி சேர்க்க வேண்டும். எஃப்3 சாம்பியனுக்கு 30 கிடைக்கும், இரண்டாமவருக்கு 25, மூன்றாமவருக்கு 20. எஃப்2-வில் முதல் மூன்று இடத்துக்கும் 40 முழுசாகவே கிடைத்துவிடும். அதனால்தான் ஓட்டுநர்கள் எஃப்3 தொடரில் ஏழாவது, எட்டாவது இடத்துக்குக்கூட அப்படி முட்டி மோதுகிறார்கள். எல்லாரும் எல்லாப் படியும் ஏறித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. கிமி ஆன்டனெல்லி எஃப்3-ஐத் தாண்டிக் குதித்து நேராக எஃப்2 போய், 2025-இல் மெர்சிடிஸில் எஃப்1 ஓட்ட வந்துவிட்டார். ஆனால் அது விதிவிலக்கு.

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

சமீப ஆண்டுகளில் ஒரு சீசன் என்றால் பத்து ரவுண்ட், அதாவது பத்து வார இறுதி. மார்ச்சில் தொடங்கும், செப்டம்பரில் முடியும். முதல் ஒன்றிரண்டு மெல்போர்ன், பஹ்ரைன் மாதிரி வெளியூர்கள். அப்புறம் மே மாதத்தில் இருந்து ஐரோப்பா: மொனாக்கோ, பார்சிலோனா, ஆஸ்திரியாவின் ஸ்பீல்பெர்க், சில்வர்ஸ்டோன், ஸ்பா, புடாபெஸ்ட். 2022-இல் இருந்து 2025 வரை நான்கு சீசனும் மான்சாவில் முடிந்தன. ஒவ்வொரு வருஷமும் வரிசை கொஞ்சம் மாறும் என்பதால் சீசன் தொடங்கும் முன் அதிகாரபூர்வத் தளத்தில் அட்டவணையைப் பார்த்து போன் காலண்டரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர் நேரத்துக்கு எஃப்3 ரொம்ப வசதி. ஐரோப்பிய ரவுண்டுகளில் ஞாயிற்றுக்கிழமை எஃப்3 ரேஸ் அங்கே காலை எட்டு, எட்டரைக்கு இருக்கும், அதாவது இந்தியாவிலும் இலங்கையிலும் பகல் பன்னிரண்டு மணி வாக்கில். ஒன்றரை மணி போல எஃப்2, மாலை ஆறரைக்கு எஃப்1. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் டிவி உங்களுடையதாக இருந்தால் மூன்றையும் பார்த்துவிடலாம். மெல்போர்ன் மட்டும் விடியற்காலையில் வந்து தூக்கத்தைக் கெடுக்கும். முதல் ரவுண்ட் என்பதால் அதை விடவும் மனசு வராது.

எங்கே பார்ப்பது என்றால், பெரும்பாலும் உங்கள் நாட்டில் எஃப்1 எங்கே வருகிறதோ அங்கேதான். ஆனால் சந்தா கட்டும் முன் எஃப்2, எஃப்3-யும் அதில் சேர்த்தியா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். காசு செலவழிக்க விருப்பமில்லை என்றாலும் பரவாயில்லை. எஃப்3 தளத்தில் லைவ் டைமிங் இலவசம், ரேஸ் முடிந்தபின் யூடியூபில் ஹைலைட்ஸ் வரும். இரண்டையும் வைத்தே ஒரு சீசனைத் தாராளமாகப் பின்தொடர முடியும்.

30 பேரையும் ஞாபகம் வைக்கப் பார்க்காதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 30 பேர், பாதிப் பேரின் பெயர் வாயில் நுழையாது, ஹெல்மெட்டும் அடையாளம் தெரியாது. அதனால் ஒரே ஒரு டீமை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்3-இல் பத்து டீம், ஒவ்வொன்றுக்கும் மூன்று கார். பிரெமா, டிரைடென்ட், ஏஆர்டி, காம்போஸ், ஹைடெக், எம்பி மோட்டார்ஸ்போர்ட் என்று எது வேண்டுமானாலும் இருக்கட்டும், மூன்று ஓட்டுநர்களையும் சேர்த்து எடுங்கள்.

ஏன் டீம் என்றால், கார் எல்லாருக்கும் ஒன்று என்றாலும் அதை அமைக்கிற எஞ்சினியர்கள் ஒன்று இல்லை. டிரைடென்ட் காரில் ஐந்தாவதாக வருபவரையும் கடைசி டீம் ஒன்றில் பன்னிரண்டாவதாக வருபவரையும் எடுத்தவுடன் ஒப்பிட முடியாது. ஒரே டீமில் மூன்று பேர் இருக்கும்போது ஒப்பிடலாம். ஒரே கார், ஒரே எஞ்சினியர் குழு, ஒரே டேட்டா. மூவரில் ஒருவர் தொடர்ந்து முன்னால் நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது. பெரிய டீம்களின் ஜூனியர் அகாடமிகள் இந்தப் பையன்களை எடைபோடும்போதும் முதலில் கேட்பது டீம்மேட்டோடு ஒப்பிட்டால் எப்படி என்பதைத்தான்.

அப்புறம் வேறு டீம்களில் இருந்து இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் முதல் வருஷக்காரர், இன்னொருவர் எஃப்3-இல் இரண்டாவது வருஷம் ஓட்டுபவர். இந்த வித்தியாசம் முக்கியம். எஃப்3-இல் பயிற்சி நேரம் ரொம்பக் குறைவு. இரண்டாம் வருஷக்காரருக்கு மொனாக்கோவோ ஸ்பாவோ ஏற்கெனவே தெரியும். முதல் வருஷக்காரர் அதே வேகத்தை அங்கே போய் 45 நிமிஷத்தில் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் முதல் வருஷக்காரர் மார்ச்சில் பதினான்காவது வந்தால் கணக்கில் எடுக்காதீர்கள், ஜூலையில் எங்கே வருகிறார் என்று பாருங்கள்.

வெள்ளிக்கிழமை: குவாலிஃபையிங்கைத் தவறவிடாதீர்கள்

பிராக்டிஸ் 45 நிமிஷம், அதைப் பார்க்காவிட்டாலும் ஒன்றும் குறையாது. அதே நாள் நடக்கும் அரை மணி நேரக் குவாலிஃபையிங்கில் தான் அந்த வார இறுதியின் பாதித் தலையெழுத்து எழுதப்படும். சனி, ஞாயிறு இரண்டு ரேஸின் கிரிட்டும், அதாவது கார்கள் கிளம்பும் வரிசையும், அதில் இருந்துதான் வருகிறது.

கணக்கு இப்படி. ஞாயிறு நடப்பது ஃபீச்சர் ரேஸ், கிரிட் குவாலிஃபையிங் வரிசைப்படியே. சனிக்கிழமை ஸ்பிரிண்ட் ரேஸ், அதில் முதல் 12 பேரைத் தலைகீழாக்குவார்கள். பன்னிரண்டாவதாக வந்தவர் முதலில் நிற்பார், முதலில் வந்தவர் பன்னிரண்டாவதாக. பதின்மூன்றில் இருந்து முப்பது வரை மாற்றமே இல்லை, இரண்டு நாளும் அதே இடம்.

இப்போது லைவ் டைமிங் திரையில் கடைசி இரண்டு நிமிஷம் எங்கே பார்க்க வேண்டும் என்று புரியும். எல்லாரும் மேலே போல் பொசிஷனை, அதாவது முதலிடத்தைப் பார்ப்பார்கள், நீங்கள் ஒரு கண்ணைப் பன்னிரண்டாவது வரியில் வையுங்கள். ஊதா நிறம் என்றால் அந்த செக்டாரில் (டிராக்கை மூன்றாகப் பிரித்ததில் ஒரு பகுதி) அதுவரை யாரும் போகாத வேகம், பச்சை என்றால் அந்த ஓட்டுநரின் சொந்த வேகத்திலேயே சிறந்தது, மஞ்சள் என்றால் முன்னேற்றமில்லை. கொடி விழப்போகிறது, பன்னிரண்டாவதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், நாளைக்கு முன்வரிசையில் முதல் ஆளாக நிற்கப்போகிறார். அந்த நேரத்தில் இருபதாவது இடத்தில் இருக்கும் ஒருவருக்கு முதல் செக்டார் பச்சை, இரண்டாவதும் பச்சை, கோட்டைத் தாண்டி அவர் எட்டாவதாகக் குதிக்கிறார். பன்னிரண்டாமவர் பதின்மூன்றுக்கு இறங்கிவிட்டார். ஒரே ஒரு இடம்தான், நூறில் ஒரு பங்கு விநாடியாகக்கூட இருக்கலாம், சனிக்கிழமை அது பன்னிரண்டு இடமாகிவிடுகிறது. முதலாவதாக நிற்க வேண்டியவர் பதின்மூன்றாவதாக நிற்பார். எஃப்3 குவாலிஃபையிங்கில் என்னைப் பொறுத்தவரை பரபரப்பான இடம் இதுதான், கேமரா பெரும்பாலும் அங்கே போவதே இல்லை.

30 கார் ஒரே நேரத்தில் டிராக்கில் இருப்பதால் கூட்டம் பெரிய பிரச்சினை. முன்னால் மெதுவாகப் போகிறவர் வழிவிடவில்லை என்றால் ஒரு லேப் போச்சு. அப்படி இடைஞ்சல் செய்தவருக்கு கிரிட் பெனால்டியும் உண்டு. மான்சாவில் கதை வேறு மாதிரி. நீளமான நேர்ப்பாதைகள் என்பதால் முன்னால் ஒரு கார் காற்றைக் கிழித்துக் கொடுத்தால் பின்னால் வருபவருக்கு வேகம் கூடும், அதனால் யாரும் முதல் ஆளாகப் போக விரும்பாமல் எல்லாரும் ஊர்ந்துகொண்டிருப்பார்கள். 2019-இல் அங்கே இப்படி மெதுவாக ஓட்டியதற்காகப் பலருக்கு பெனால்டி விழுந்தது. மொனாக்கோவில் டிராக் குறுகல் என்பதால் ஓட்டுநர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஓட விடுவார்கள். வேகமான குழு ஒற்றைப்படை இடங்களையும் மற்ற குழு இரட்டைப்படை இடங்களையும் எடுக்கும். போல் எடுத்தவரின் குழுவிலேயே இரண்டாவதாக வந்தவர், அடுத்த குழுவில் முதலாவதாக வந்தவரைவிட வேகமாகப் போயிருந்தாலும் கிரிட்டில் மூன்றாவதுதான். இந்த விதி தெரியாமல் மொனாக்கோ கிரிட்டைப் பார்த்தால் ஏதோ தப்பு நடந்த மாதிரி இருக்கும்.

புள்ளிக் கணக்கு, பேனாவோடு

ஃபீச்சர் ரேஸில் முதல் பத்து இடத்துக்கு 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1. எஃப்1 மாதிரியே. ஸ்பிரிண்டில் 10, 9, 8, 7 என்று ஒவ்வொன்றாக இறங்கி பத்தாவது இடத்துக்கு 1. குவாலிஃபையிங்கில் போல் எடுத்தால் 2. ஒவ்வொரு ரேஸிலும் முதல் பத்துக்குள் முடித்தவர்களில் வேகமான லேப் வைத்தவருக்கு 1. ஆக ஒரு வார இறுதியில் ஒருவர் அதிகபட்சம் 39 எடுக்கலாம். கிட்டத்தட்ட யாரும் எடுப்பதில்லை. போல் எடுத்தவர் ஸ்பிரிண்டில் பன்னிரண்டில் இருந்து கிளம்பி ஜெயிக்க வேண்டுமே.

இப்போது கற்பனையாக மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் போல் எடுக்கிறார், ஸ்பிரிண்டில் பன்னிரண்டில் இருந்து எட்டாவது வருகிறார், ஃபீச்சரை ஜெயிக்கிறார். 2, 3, 25, மொத்தம் 30. இரண்டாமவர் குவாலிஃபையிங்கில் ஏழாவது. ஸ்பிரிண்டில் ஆறாவதாகக் கிளம்பி மூன்றாவது வருகிறார், ஃபீச்சரில் ஐந்தாவது. 8-உம் 10-உம் சேர்த்து 18. எந்தச் செய்தியிலும் இவர் பெயர் வராது. மூன்றாமவர் குவாலிஃபையிங்கில் பதினாறாவது. இரண்டு ரேஸிலும் உயிரைக் கொடுத்து ஓட்டி நாலைந்து காரைத் தாண்டி பதினொன்றாவது, பன்னிரண்டாவது வருகிறார். பூஜ்யம்.

இரண்டாமவரைக் கவனியுங்கள். 2023-இல் இமோலா ரவுண்ட் வெள்ளத்தால் ரத்தாகி ஒன்பது ரவுண்ட்தான் நடந்தது. அந்த வருஷ சாம்பியன் பிரேசிலின் கேப்ரியல் போர்டொலேட்டோ எடுத்தது 164 புள்ளி. ஒன்பதால் வகுத்துப் பாருங்கள், ஒரு வார இறுதிக்கு 18-ஐ ஒட்டித்தான் வரும். ஒரு போல் கூட எடுக்காமல் எல்லா வாரமும் ஏழாவதாகக் குவாலிஃபை ஆகி ஒழுங்காக ஓட்டிக்கொண்டே இருந்தால் சாம்பியன்ஷிப் பக்கத்தில் வந்துவிடும். இதைச் செய்ய முடிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர் என்பதுதான் விஷயம், 30 கார் முட்டிக்கொள்ளும் நடுக்கூட்டத்தில் ஒன்பது வாரம் தொடர்ந்து சேதமில்லாமல் தப்பிப்பது அவ்வளவு லேசு இல்லை.

ரேஸ் நடக்கும்போது என்ன பார்ப்பது

எஃப்3-இல் பிட் ஸ்டாப் கிடையாது. ஒரு வார இறுதிக்கு ஒரே ஒரு வகை டயர். அதனால் உத்தி என்று பெரிதாக எதுவும் இல்லை, கிளம்பிய டயரிலேயே முடிக்க வேண்டும். முதல் ஐந்து லேப் வேகமாகப் போய் டயரைத் தேய்த்துக்கொண்டவர் கடைசி ஐந்து லேப்பில் ஒவ்வொருவராக வழிவிடுவதைப் பார்ப்பீர்கள். நடுவில் யாருடைய லேப் நேரம் சீராக இருக்கிறது என்று லைவ் டைமிங்கில் பார்த்து வையுங்கள், முடிவில் மேலே வருவது பெரும்பாலும் அவர்தான்.

டிஆர்எஸ் உண்டு. முன்னால் போகும் காருக்கு ஒரு விநாடிக்குள் இருந்தால் பின் இறக்கையைத் திறக்கலாம். இதில் ஒரு சிக்கல். எட்டுப் பத்துக் கார் வரிசையாக ஒவ்வொன்றும் ஒரு விநாடிக்குள் போனால் முதல் ஆளைத் தவிர எல்லாருக்கும் டிஆர்எஸ் இருக்கும், யாரும் யாரையும் தாண்ட முடியாது. ரயில் மாதிரி போய்க்கொண்டே இருப்பார்கள். அப்போது சலித்துப்போய் சேனலை மாற்றாதீர்கள். அந்த வரிசையில் யார் பொறுமை இழக்கிறார் என்று பாருங்கள். ஒருவர் நடக்காத இடத்தில் உள்ளே மூக்கை நுழைப்பார், இருவரும் வெளியே போவார்கள், பின்னால் வந்தவருக்கு சும்மா இரண்டு இடம் கிடைக்கும். அந்தப் பின்னால் வந்தவர் ஒவ்வொரு வாரமும் ஒரே ஆளாக இருந்தால் அவர் பெயரை எழுதி வையுங்கள்.

ஸ்பிரிண்டில் பார்க்க வேண்டியது பன்னிரண்டில் இருந்து முன்னேறுகிறவர்களை. வேகமான ஆட்கள் பின்னால் நிற்பதால் யாருக்குத் தாண்டத் தெரியும் என்று அங்கேதான் வெளிச்சமாகும். 2024 சில்வர்ஸ்டோனில் அர்விட் லிண்ட்பிளாட் ஒரே வார இறுதியில் ஸ்பிரிண்ட், ஃபீச்சர் இரண்டையும் ஜெயித்தார். ரிவர்ஸ் கிரிட் இருக்கும்போது அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்தக் கணக்கு தெரிந்தால்தான் புரியும்.

கொடி விழுந்ததும் ரிசல்ட் எழுதாதீர்கள்

இது நிஜமாகவே நடைமுறை அறிவுரை. எஃப்3-இல் முதல் மூன்று பேருக்கான போடியத்தில் நின்றவர்களே மாலைக்குள் மாறியிருப்பார்கள். டிராக் எல்லையைத் தாண்டியது, மோதியது, கிரிட்டில் தன் கட்டத்துக்குள் சரியாக நிற்காதது, எடை, டயர் அழுத்தம் என்று எதற்கு வேண்டுமானாலும் பெனால்டியோ தகுதிநீக்கமோ வரலாம். 2023 பஹ்ரைன் ஃபீச்சர் ரேஸில் கோட்டை முதலில் தாண்டியது கேப்ரியேலே மினி. கிரிட்டில் நின்ற இடம் சரியில்லை என்று அவருக்கு ஐந்து விநாடி பெனால்டி, வெற்றி போர்டொலேட்டோவுக்குப் போனது. அவருடைய சாம்பியன்ஷிப்பின் முதல் வெற்றியே அதுதான். அதனால் இறுதி ரிசல்ட் வெளியான பின், இரவில் உட்கார்ந்து எழுதுங்கள்.

எழுதுவது என்றால் ஒரு சாதாரண நோட்டுப் போதும். நீங்கள் தேர்ந்தெடுத்த ஐந்து பேருக்கும் ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு வரி. குவாலிஃபையிங் இடம், டீம்மேட்களில் எத்தனையாவது, இரண்டு ரேஸின் முடிவு, புள்ளி. ரேஸ் முடிக்கவில்லை என்றால் தன் தப்பா, அடுத்தவர் தப்பா, கார் பழுதா என்று ஒரு சொல். உதாரணமாக: "குவா 9, டீமில் 1, ஸ்பி 4, ஃபீ விலகல் (பின்னால் இருந்து மோதினார்கள்), 7 புள்ளி." புள்ளிப்பட்டியலில் அவர் பதினோராவது என்று இருக்கும். உங்கள் நோட்டோ அவர் ஐந்து வாரத்தில் நான்கு வாரம் டீமிலேயே வேகமானவர் என்று சொல்லும். நாலாவது, ஐந்தாவது ரவுண்டில் இந்த நோட்டைத் திருப்பிப் பார்க்கும்போது உங்களுக்கென்று ஒரு கருத்து உருவாகியிருக்கும்.

சாம்பியன்கள் எப்படி ஜெயித்தார்கள்: நான்கு சீசன்

பழைய சீசன்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் நடக்கும் சீசனை எடைபோடச் சுலபம். இந்த நான்கையும் ஹைலைட்ஸில் பார்த்துவிடுங்கள்.

2020. கொரோனாவால் எல்லாம் நெருக்கியடித்து ஜூலையில் தொடங்கி செப்டம்பரில் முடிந்த சீசன். கடைசி ரேஸ் முஜெல்லோவில். பிரெமா டீம்மேட்கள் ஆஸ்கர் பியாஸ்ட்ரியும் லோகன் சார்ஜன்ட்டும் சமமான புள்ளியில் அந்த ரேஸுக்கு வந்தார்கள். சார்ஜன்ட் முதல் லேப்பிலேயே மோதலில் சிக்கி வெளியே போனார். பியாஸ்ட்ரி ஏழாவதாக வந்து, தியோ பூர்ஷேரைவிட மூன்றே புள்ளி அதிகமாக எடுத்து சாம்பியன் ஆனார். அந்த சீசன் முழுக்க அவருக்கு ஒரு போல்கூட இல்லை, ஜெயித்தது இரண்டே ரேஸ். இன்று மெக்லாரனில் அவர் ஓட்டுவதைப் பார்க்கிறவர்கள் அந்த 2020 சீசனைப் பார்த்தால் அதே நிதானத்தை அங்கேயே அடையாளம் காணலாம்.

2023. போர்டொலேட்டோ முதல் இரண்டு ஃபீச்சர் ரேஸையும் எடுத்துக்கொண்டு, அதற்கப்புறம் ஒன்றைக்கூட ஜெயிக்காமல், வாரா வாரம் புள்ளி சேர்த்துக்கொண்டே போய், மான்சாவில் ரேஸ் தொடங்கும் முன் குவாலிஃபையிங் முடிந்ததுமே சாம்பியன் ஆகிவிட்டார்.

2024-ஐத் தவறவிடவே கூடாது. இத்தாலியின் லியோனார்டோ ஃபோர்னரோலி சீசன் முழுக்க ஒரு ரேஸும் ஜெயிக்கவில்லை. மான்சாவில் கடைசி ரேஸ், கடைசி லேப், பரபோலிகா என்கிற கடைசித் திருப்பம். அங்கே கிறிஸ்டியன் மான்செலைத் தாண்டி மூன்றாமிடத்துக்கு வந்து சாம்பியன்ஷிப்பை எடுத்தார். வெற்றியே இல்லாத சாம்பியன் என்று அப்போது சிலர் குறைத்துப் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மேலே சொன்ன 18 புள்ளிக் கணக்கைப் பாருங்கள், அவர் செய்ததும் அதைத்தான். அடுத்த வருஷமே எஃப்2-விலும் அவர்தான் சாம்பியன்.

2025 இதற்கு நேர் எதிர். ரஃபேல் காமரா முதல் இரண்டு ரவுண்டிலும் போல் எடுத்து ஃபீச்சரையும் ஜெயித்துப் பறந்துவிட்டார். புடாபெஸ்ட்டில், இன்னும் ஒரு ரவுண்ட் மிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட வருஷத்தில் மேலே பார்க்க ஒன்றும் இல்லை என்று நினைக்காமல், சூப்பர் லைசென்ஸ் புள்ளிக்காக இரண்டாவது, மூன்றாவது இடத்துக்கு நடக்கும் சண்டைக்குக் கண்ணைத் திருப்புங்கள்.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்

இந்தப் பையன்கள் ஓட்டுவது ஆபத்தான வேலை. 2018 ஜிபி3 சாம்பியன் அன்டுவான் ஹூபேர் 2019 ஆகஸ்ட் 31 அன்று ஸ்பாவில் எஃப்2 ரேஸில் இறந்தார், அவருக்கு 22 வயது. 2023 ஜூலையில் அதே ஸ்பாவில் ஃபார்முலா ரீஜனல் ரேஸில் டிலானோ வான்ட் ஹாஃப் இறந்தார், 18 வயது. பெரிய விபத்து நடந்தால் டிவியில் ரீப்ளே காட்டாமல் இருந்தால் ஓட்டுநரின் நிலை இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம், அதைப் புரிந்துகொண்டு காத்திருங்கள். அந்த நேரத்தில் வீடியோ துண்டுகளை வெட்டிப் பரப்பாதீர்கள். அவர்கள் அம்மா அப்பா பெரும்பாலும் பிட் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

நேரில் பார்க்க ஆசை வந்தால்

மான்சா போக எல்லாருக்கும் வசதி இருக்காது. ஆனால் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒற்றை இருக்கை ரேஸ் காரை நேரில் பார்ப்பது இந்தியாவில் வேறு யாரையும்விடச் சுலபம். சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது, கோயம்புத்தூரில் செட்டிப்பாளையம் பக்கம் கரி மோட்டார் ஸ்பீட்வே. தேசிய ரேஸிங் சாம்பியன்ஷிப் ரவுண்டுகள் இரண்டு இடத்திலும் நடக்கின்றன. ஸ்விஃப்ட் எஞ்சின் பொருத்திய எல்ஜிபி ஃபார்முலா 4 கார்கள் எஃப்3 வேகத்தில் கால்வாசிகூட அல்ல என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், வேலி ஓரம் நின்று பார்த்தால் திருப்பத்துக்கு முன் எவ்வளவு தாமதமாக பிரேக் பிடிக்கிறார்கள் என்பது டிவியில் ஒருநாளும் தெரியாத அளவுக்குத் தெரியும். தொப்பி, தண்ணீர், காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொண்டு போங்கள்.

கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயனும் சென்னையின் கருண் சந்தோக்கும் இந்த ஊர்களில் இருந்து எஃப்1 வரை போனவர்கள். வெளிநாட்டில் இருந்து இங்கே வந்து ஓட்டிப் போனவர்களும் உண்டு. இருங்காட்டுக்கோட்டையிலும் நடந்த எம்ஆர்எஃப் சேலஞ்ச் தொடரை 2017-18-இல் ஜெயித்த ஃபெலிப்பே ட்ருகோவிச் 2022-இல் எஃப்2 சாம்பியன் ஆனார். 2018-19-இல் அதே தொடரை ஜெயித்தவர் பிரிட்டனின் பெண் ஓட்டுநர் ஜேமி சாட்விக். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த தெரு ரேஸில் இந்திய எஃப்4 கார்களும் ஓடின.

சீசன் முடிந்த பிறகு

செப்டம்பரில் எஃப்3 முடிந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். உங்கள் ஐந்து பேரில் யார் எஃப்2-வுக்குப் போகிறார், யார் இன்னொரு வருஷம் எஃப்3-இலேயே இருக்கிறார், யாருக்குப் பணம் தீர்ந்து வேறு பக்கம் போகிறார் என்பதெல்லாம் அடுத்த இரண்டு மூன்று மாதத்தில்தான் தெரியவரும். எஃப்3 முடிந்தாலும் எஃப்2 சீசன் டிசம்பர் வரை ஓடும், சிலர் காலியான இடத்தில் நடுவிலேயே அதில் ஏறி ஓட்டிப் பார்ப்பார்கள். குஷ் மைனி மாதிரி இந்திய ஓட்டுநர்களையும் அங்கே பார்க்கலாம், அவர் 2025-இல் மொனாக்கோ ஸ்பிரிண்டை ஜெயித்தார். ஜனவரி, பிப்ரவரியில் வளைகுடா நாடுகளில் ஃபார்முலா ரீஜனல் ரேஸ்கள் நடக்கும். அடுத்த எஃப்3 சீசனுக்கு வரப்போகிற புதுப் பையன்களில் நிறையப் பேர் அங்கே ஓட்டுவார்கள். அதில் இரண்டு வார இறுதி பார்த்துவிட்டால், மார்ச்சில் மெல்போர்ன் கிரிட்டில் உங்களுக்குத் தெரிந்த பெயர்கள் பத்துப் பன்னிரண்டாவது இருக்கும்.